பெயரொற்றுமையும் குடிவழியும்

பெயர் ஒன்றாயிருப்பின் குடியும் ஒன்றாகிவிடுமோ? குடும்ப வரலாறு எழுதப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படும் வினா இதுவே. இங்கிலாந்தில் இவ்வினாவைச் சான்று வழிநின்று ஆராய்ந்தவருள் முன்னிற்பவர் ஜான் ஹோரஸ் ரவுண்ட் (1854–1928). பிரபுக்களின் குடும்ப வரலாறு பற்றி 1901-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில், ஸ்பென்சர் குடும்பத்தின் எழுச்சியைக் கூறும் கட்டுரை ஒன்று உளது. அதன் திறமும் குறையும் ஒருங்கே நோக்கத்தக்கன.

ஸ்பென்சர் என்பது தொழிலால் வந்த பெயர். பெருமனைகளில் உணவுப் பண்டங்களைக் காத்து, அளந்து வழங்கிய அலுவலனை டெஸ்பென்சர் என்றனர். அதன் முதற்பகுதி தேய்ந்து ஸ்பென்சர் ஆயிற்று. 1086-இல் தொகுக்கப்பெற்ற டூம்ஸ்டே நிலக் கணக்கேட்டிலேயே இவ்வலுவற் பெயருடைய ராபர்ட் என்பார் காணப்படுகிறார். பண்டகசாலை இருந்த மனைதோறும் அதன் காப்பாளனும் இருந்திருப்பான். ஆதலின், தம்முள் உறவில்லாத பல குடும்பங்கள் இப்பெயரைப் பெற்றிருத்தல் இயல்பே.

இடைக்காலத்தில் டெஸ்பென்சர் பிரபுக்கள் பெருவாழ்வு வாழ்ந்தனர். இரண்டாம் எட்வர்டு மன்னனின் அன்புக்குரியவனாயிருந்த இளைய ஹியூ டெஸ்பென்சர் 1326-இல் துரோகக் குற்றம் சாட்டப்பெற்றுத் தூக்கிலிடப்பட்டான். ஆல்தார்ப் ஸ்பென்சர்களின் தொடக்கமோ வேறு. அவர்கள் ஆட்டு மந்தை வளர்த்துப் பொருள் ஈட்டியவர்கள். ஜான் ஸ்பென்சர் 1506-இல் வார்ம்லெய்ட்டனையும் 1508-இல் ஆல்தார்ப்பையும் விலைக்கு வாங்கினார். அவர் வழிவந்த ராபர்ட் 1603-இல் பிரபுப் பட்டம் பெற்றார்.

இவ்விரு குடிகளையும் இணைத்தவர் குலச்சின்ன அலுவலர் ரிச்சர்ட் லீ. அவர் 1595-இல் வகுத்த குடிவழி, ஆல்தார்ப்பினரைப் பழைய டெஸ்பென்சர்களின் வழித்தோன்றல்கள் எனக் காட்டிற்று. அக்குடிவழியை ரவுண்ட் ஆவணங்களோடு ஒப்பிட்டார். வெவ்வேறு ஏடுகளில் காணப்பட்ட, இப்பெயருடைய மாந்தரை எடுத்து, அவர்களிடையே தந்தை மகன் உறவைக் கற்பித்து ஒரு தொடராகக் கோத்துவிட்டனர் என்பது அவர் கண்ட முடிவு. மணிகள் உண்மையானவை, கோத்த நூலே பொய்.

இதற்கு வலுவூட்டும் சான்று குலச்சின்னமாகும். 1504-இல் இக்குடும்பத்தினர்க்கு வழங்கப்பெற்றது, கடற்பறவைத் தலைகள் ஆறு பொறித்த புதுச் சின்னம். சிப்பிகள் சேர்த்த டெஸ்பென்சர் சின்னம் அந்நூற்றாண்டின் இறுதியிலேயே அவர்களிடம் வந்தது. தொன்றுதொட்டு டெஸ்பென்சர்களாயின், 1504-இல் புதுச் சின்னம் பெற வேண்டியது எற்றுக்கு?

1621-இல் பிரபுக்கள் சபையில் நிகழ்ந்த சொற்போர் ஒன்றும் கருதற்பாலது. முன்னோர் ஆடு மேய்த்தவர் என்று அரண்டெல் பிரபு ஸ்பென்சரை இகழ்ந்தார். தம் முன்னோர் ஆடு மேய்த்த காலத்தில் அரண்டெலின் முன்னோர் அரச துரோகம் சூழ்ந்தனர் என ஸ்பென்சர் விடை கூறினார். லீ வகுத்த குடிவழி மெய்யாயின் இவ்விடை பயன்படாது. துரோகத்திற்காகத் தூக்கிலிடப்பட்ட ஹியூவும் அவர்தம் குடியினனே ஆவான். ஆட்டிடையர் பரம்பரையே அன்று அவர்க்கு வாளும் கேடயமுமாயிற்று!

ரவுண்டின் ஆராய்ச்சியிலும் ஓர் எல்லை உண்டு. லீயின் தொடர் பொய் என்று நிறுவுதல் வேறு. எவ்வகை உறவும் இல்லையென நிறுவுதல் வேறு. முன்னதை அவர் செய்தார். பின்னதற்குச் சான்றில்லை என்பதே சொல்லத்தகும். அவரது நடையிலுள்ள கடுமை, இவ்வேறுபாட்டைப் படிப்போர் மறந்துபோகச் செய்கிறது. மறுத்துரைக்கும் ஆர்வம் நடுவுநிலையை மறைத்தல் ஆகாது.

ஆங்கில இலக்கியம் கற்பிப்போர்க்கு இதனால் ஒரு பயனுண்டு. கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர் தாம் ஆல்தார்ப் குடும்பத்திற்கு உறவினர் எனப் பாடல்களில் குறித்தார். அக்குடும்பத்து மகளிர் மூவர்க்கு 1591-இல் தம் கவிதைகளைக் காணிக்கையாக்கினார். அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரெழுத்து வேறுபடும். அக்காலத்தில் எழுத்து முறை நிலைபெறாமையால், அவ்வேறுபாடு உறவை மறுக்கவும் உதவாது, நிறுவவும் உதவாது. கவிஞர் கூற்று, அவர் அவ்வுறவை விரும்பினார் என்பதற்குச் சான்று. உறவுக்கு அது மட்டும் போதாது.

பட்டம் பெற்ற பின்னரோ கிளைகள் ஐயத்திற்கு இடமின்றி ஓடுகின்றன. 1643-இல் சன்டர்லாந்து பட்டம் வந்தது. சார்லஸ் ஸ்பென்சர் 1733-இல் தாய்வழியாக மார்ல்பரோ டியூக் ஆனார். 1765-இல் மற்றொரு கிளையினர் ஸ்பென்சர் பிரபுக்களாயினர். மார்ல்பரோ கிளை 1817-இல் ஸ்பென்சர்-சர்ச்சில் என்ற இணைப்பெயர் பூண்டது. வின்ஸ்டன் சர்ச்சில் இக்கிளையினர். இளவரசி டயானா அக்கிளையினர்.

நாடாளும் பெருமைக்கு ஆட்டு மந்தை இழுக்காகவில்லை. இல்லாத முன்னோரைத் தேடியதே இழுக்காயிற்று. ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையே உயிலோ, நில ஆவணமோ, திருச்சபைப் பதிவோ நின்று சான்று பகர வேண்டும். அஃதில்லாத இடத்தில் தொடரை நிறுத்திவிடுதலே வரலாற்று நேர்மை.