பட்டனுக்குக் கீழே ஒரு கொக்கி

பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகம் வாங்குகிறவர்களுக்கு அந்தச் சணல் கயிற்று முடிச்சு தெரியும். கடைக்காரர் கட்டைக் காலால் அழுத்திப் பிடித்து இறுக்கிக் கட்டித் தருவார். வீட்டுக்கு வந்து நகத்தால் எவ்வளவு நெருடினாலும் அவிழாது. அதற்காகவே என் மேஜை இழுப்பறையில் ஆறு வருஷமாக ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. பக் நிறுவனத்தின் 110 மாடல். போன கோடையில் ஹூஸ்டனில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது அதே மாடலைப் பட்டன் கத்தியாக மாற்றியமைத்த ஒன்றை மூன்று வாரம் பயன்படுத்தினேன். இரண்டோடும் பழகிய பிறகு எழுதுகிறேன்.

முதலில் சாதாரண 110. இது சந்தைக்கு வந்தது 1964இல். அலகு 9.5 செ.மீ. மடக்கினால் மொத்தம் 12.4 செ.மீ. எடை 200 கிராமுக்குச் சற்று மேல். சட்டைப் பையில் போட்டால் பை தொங்கும். பிடியின் இரண்டு முனையிலும் பித்தளை, நடுவில் மரம். அலகில் ஒரு நகக்குழி உண்டு. அதில் நகத்தை வைத்து இழுத்தால் திறக்கும். முழுக்கத் திறந்ததும் பிடியின் முதுகிலுள்ள பூட்டுச் சட்டம் ‘டக்’ என்று விழுந்து அலகை நிறுத்திக்கொள்ளும். அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் திறக்க இரண்டு கை வேண்டும்.

அந்த இரண்டாவது கையை மிச்சப்படுத்தத்தான் அமெரிக்காவில் கைவினைஞர்கள் சிலர் 110ஐ வாங்கிப் பிரித்து, உள்ளே ஸ்பிரிங் வைத்து, பட்டன் பொருத்தித் தந்தார்கள். இப்போது பக் நிறுவனமே தானியங்கி 110ஐச் செய்கிறது. டெக்சாஸில் பட்டன் கத்திக்கு இருந்த தடை 2013 செப்டம்பரில் நீங்கியது. அதற்குப் பிறகு அத்திம்பேர் தனக்கென்று ஒன்றை மாற்றச் சொல்லி வாங்கியிருக்கிறார்.

“அழுத்திப் பாருடா, அப்புறம் உன் கத்தியைத் தொடவே மாட்டே” என்று கொடுத்தார்.

அழுத்தினேன். கண் இமைப்பதற்குள் அலகு வெளியே நின்றது. மணிக்கட்டில் ஓர் உதறல். தளர்வாகப் பிடித்திருந்தால் கையிலிருந்து எகிறியிருக்கும். பார்சல் டேப், அட்டைப் பெட்டி, தோட்டத்து நைலான் கயிறு எல்லாவற்றையும் அந்தக் கத்தியால்தான் அறுத்தேன். ஒரு கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தியைத் திறக்க முடிவது பெரிய வசதி. கீல்வாதத்தால் கட்டைவிரல் மடங்காதவர்களை நினைத்துப் பார்த்தேன். அமெரிக்காவின் 1958ஆம் வருஷத்து மத்தியத் தடைச் சட்டத்திலேயே ஒரு கை மட்டும் உள்ளவருக்கு, 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகு என்றால், விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது நிஜமாகவே உதவும் கருவி.

இரண்டாவது வாரம் ஒரு நாள் காரில் போய்க்கொண்டிருந்தோம். என் தோள்பைக்குள் ‘சடக்’ என்று சத்தம். யாரும் பட்டனைத் தொடவில்லை. பைக்குள் பார்த்தால் அலகு திறந்து, கண்ணாடிக் கூட்டைக் கிழித்துக்கொண்டு நின்றது. பாதுகாப்புத் தள்ளியை நான் போட மறந்திருந்தேன், அது என் தப்பு. ஆனால் தள்ளி போடாவிட்டாலும் பட்டனுக்குக் கீழே உள்ள கொக்கி அலகைப் பிடித்திருக்க வேண்டும். அது ஏன் விட்டது?

அன்றிரவு அத்திம்பேரும் நானும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தோம். பித்தளையில் துளையிட்டுப் பட்டனை இறக்கியிருக்கிறார்கள். பட்டனின் கால் ஒரு சின்ன முளை, அதுதான் கொக்கி. கத்தி மடங்கியிருக்கும்போது இந்த முளை, அலகின் அடிப்பகுதியில் போட்ட குழிக்குள் உட்கார்ந்து அலகைப் பிடித்துக்கொள்கிறது. அச்சாணியைச் சுற்றிய ஸ்பிரிங் எப்போதும் அலகை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தினால் முளை குழியை விட்டு விலகும், அலகு பாயும். 110இல் பழைய பூட்டுச் சட்டமும் அலகின் அடியை உரசிக்கொண்டே வருவதால், அந்த உராய்வையும் வெல்லும் அளவுக்கு ஸ்பிரிங் முறுக்காக இருக்க வேண்டும். அத்தனை அழுத்தத்தையும் தாங்குவது அந்தக் குழியின் ஓரம் ஒன்றுதான். அந்த ஓரம் செங்குத்தாக இருப்பதற்குப் பதில் உருண்டு தேய்ந்திருந்தது. குழிக்குள் துணிப் பஞ்சும் பழைய எண்ணெயும் சேர்ந்து கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது. முளை பாதி ஆழம்தான் இறங்கியிருக்கிறது. வண்டி குலுங்கியதும் விட்டுவிட்டது.

சென்னை திரும்பியதும் இதை எங்கள் தெருமுனையில் குடை ரிப்பேர் செய்யும் பாயிடம் சொன்னேன். நாற்பது வருஷமாகப் பட்டன் குடைகளைப் பிரித்துப் போட்டவர்.

“ஸ்பிரிங் வீக்காயிடுச்சுன்னு எல்லாரும் சொல்வாங்க தம்பி. ஸ்பிரிங் அவ்ளோ சீக்கிரம் போகாது. பட்டனுக்குக் கீழ கொக்கி இருக்கு பாருங்க, அதான் தேயும். தேஞ்சா குடை தானா பிரியும். குடைன்னா பரவால்ல.”

மாற்றியமைத்த கத்தியைப் பராமரிப்பது என்றால் பெரும்பாலும் அந்தக் கொக்கியையும் குழியையும் பார்த்துக்கொள்வதுதான். விளையாட்டுக்காகச் சும்மா சும்மா திறந்து மூடக் கூடாது. ஸ்பிரிங்கை அலுக்க வைப்பது வளைந்து வளைந்து நிமிர்வதுதான்; மடக்கி வைத்திருப்பதால் நல்ல எஃகு ஸ்பிரிங் கெடுவதில்லை. அதைவிட முக்கியம், ஒவ்வொரு பாய்ச்சலிலும் அலகு தடுப்பில் மோதுகிறது. நாளடைவில் அலகு ஆட ஆரம்பிக்கும். மூடும்போது பட்டன்மேல் விரல் இருக்கக் கூடாது. முளை ‘டிக்’ என்று குழியில் உட்கார்ந்தது காதில் விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கு அந்தக் கத்தியை எடுக்காதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு, எதற்கும் தேங்காய் எண்ணெய். அரிவாள்மனைக்கு அது சரி, தினமும் கழுவுகிறோம். மடக்குக் கத்தியின் மூட்டுக்குள் போனால் நாள்பட்டுப் பிசுக்காகி, பஞ்சையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும். அதற்கு முன்னால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய பல் பிரஷ். பிறகு ஃபேனுக்கு அடியில் நன்றாக உலர வேண்டும். இது பட்டன் கத்திக்கும் பொருந்தும், சாதாரணக் கத்திக்கும் பொருந்தும்.

நான் இருக்கும் திருவல்லிக்கேணியில் இன்னும் ஒன்று சேர்ந்துகொள்கிறது. மெரினா கூப்பிடு தூரம். கடல் காற்றில் பித்தளை சீக்கிரம் கறுக்கும், இடுக்கில் களிம்பு பச்சை பூக்கும். குத்துவிளக்குக்குச் செய்வதைப் போலப் புளி போட்டுத் தேய்க்கலாம் என்று நானும் ஒருமுறை செய்தேன். பளபளத்தது. ஆனால் புளித்தண்ணீர் அச்சாணிக்குள் இறங்கி, இரண்டு நாளில் திறக்கும்போது கரகரத்தது. புளி வேண்டுமானால் துணியில் தொட்டு மேலே மட்டும் துடையுங்கள். கத்தியோடு தோல் உறை வந்தால் அதில் வைத்தே பூட்டிவிடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், பித்தளையில் களிம்பு ஏற அதுவே காரணமாகும். ஐப்பசி, கார்த்திகையில் என் உறை தனியாக அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும், கத்தி பருத்தித் துணியில் சுற்றியிருக்கும்.

ஜாம் பஜாரில் வாங்கிய வாழைப்பூவை ஒரு நாள் என் 110ஆல் நறுக்கினேன். துருப்பிடிக்காத எஃகுதான், 420ஹெச்சி ரகம். ஆனாலும் வாழைக் கறை மூட்டில் பிசினாக ஒட்டிக்கொண்டது. சமையலறை வேலைக்கு மடக்குக் கத்தி வேண்டாம். காய் நறுக்க அரிவாள்மனையும் சாதாரணக் கத்தியும் இருக்கின்றன.

கூர் தீட்டுவதற்கு, சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் இதைக் கொடுப்பதில்லை. அவர் கை நேர்த்தியானது, கத்தரிக்கோலுக்கு அவரைத்தான் கூப்பிடுவேன். ஆனால் உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும்போது மெல்லிய விளிம்பு சூடாகிப் பதம் போய்விடும். ஹார்டுவேர் கடையில் கார்போரண்டம் கல் கிடைக்கிறது. அந்தத் தொழில் நம் ஊருக்குப் பழசு. முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் 1954இல் தொடங்கியது, திருவொற்றியூரில் ஆலை. கல்லில் எண்ணெய் விட்டு, பக்கத்துக்குச் சுமார் 15 டிகிரி சாய்வில், பத்துப் பத்து இழுப்பு. நாளிதழ்த் தாளைச் சத்தமில்லாமல் கீறினால் கூர் ஏறிவிட்டது. பட்டன் கத்தியைத் தீட்டினால் கல் தூள் உள்ளே போகாதபடி மூட்டை டேப்பால் சுற்றிவிட வேண்டும்.

இந்தியாவில் ஒருவர் 110ஐ இப்படிப் பட்டன் கத்தியாக மாற்றி வைத்துக்கொள்ளலாமா? படைக்கலச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள, வீட்டு வேலைக்கோ தொழிலுக்கோ அல்லாத கத்திகளை ஆயுதமாகக் கணக்கில் எடுக்கின்றன. பட்டன் கத்தி விஷயம் அதைவிடக் கடுமை. டெல்லியில், 7.62 செ.மீ நீளமும் 1.72 செ.மீ அகலமும் அல்லது அதற்கு மேலும் உள்ள ஸ்பிரிங் கத்திகளுக்கும் பட்டன் கத்திகளுக்கும் தனி அறிவிக்கையே உண்டு. 110இன் அலகு நீளத்தில் அதைத் தாண்டிவிடும். உத்தரப் பிரதேசத்தில் ராம்பூர் ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்தது அதன் மடக்குக் கத்தி. 2023இல் அங்கே நாற்சந்தியில் 20 அடிக் கத்தி ஒன்றை நிறுவினார்கள். ஆனால் இந்தி சினிமா வில்லன்களின் கையில் ஏறிக் கெட்ட பெயரும் எடுத்து, பிறகு கட்டுப்பாடுகளும் வந்து, அந்தக் கைத்தொழில் நசிந்துபோனது. நம் ஊரிலும் ‘பட்டன் கத்தி’ என்றால் காதில் விழுவது சண்டைதான். பெரிய தெருக் கூட்டத்தில், பார்த்தசாரதி கோயில் உற்சவத்தில் ஒருவர் பையிலிருந்து அது பாய்ந்தால் என்ன ஆகும் என்று ஹூஸ்டன் காரில் அந்தச் ‘சடக்’ கேட்ட நொடியிலேயே நினைத்தேன். அத்திம்பேர் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

லேத் பட்டறையில் தெரிந்தவர் இருக்கிறார், துளை போட்டுத் தருவார் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். குழியின் ஓரத்தில் மயிரிழை பிசகினாலும் கொக்கி பிடிக்காது. வெளிநாட்டிலிருந்து வந்த பட்டன் கத்தி ஏற்கெனவே வீட்டு அலமாரியில் கிடந்தால், அதை வெளியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், பாதுகாப்புத் தள்ளியைப் போட்டு வையுங்கள். புத்தகக் கட்டுக்கும் பார்சலுக்கும் நகக்குழியுள்ள சாதாரண 110 போதும். மாதம் ஒரு துளி எண்ணெய், மழைக்காலத்தில் இரண்டு.