நொடிக்கு இருபத்தொரு ஸ்வரம்

வைத்திக்குப்பத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு பையன் கீபோர்டு கற்றுக்கொள்கிறான். பன்னிரண்டு வயது. அப்பா கடலுக்குப் போகிறவர். போன மாதம் மாடிக்கு ஓடிவந்து செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அண்ணா, இவரை மாதிரி வாசிக்க எனக்கு எத்தினி வருஷம் ஆவும்?"

காணொளியில் இருந்தவர் லிடியன் நாதஸ்வரம். 2019இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி நடத்திய 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டி. சென்னையிலிருந்து போன லிடியனுக்கு அப்போது பதின்மூன்று வயது. ரிம்ஸ்கி கோர்சகோவின் 'ஃப்ளைட் ஆஃப் த பம்பிள்பீ'யை நிமிடத்துக்கு 208 தட்டு என்ற வேகத்தில் முதலில் வாசித்தார். பிறகு அதையே 325இல் வாசித்தார். அரங்கம் எழுந்து நின்றது. கடைசியில் போட்டியை வென்று பத்து லட்சம் டாலர் பரிசோடு ஊர் திரும்பினார்.

நான் மென்பொருள்காரன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. அந்த இசையில் ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம். 325ஐ நான்கால் பெருக்கினால் 1300. நொடிக்கு இருபத்தொன்றுக்கும் மேல். ஒரே ஒலி நொடிக்கு ஏறக்குறைய இருபது முறை அடித்தாலே நம் காதுக்கு அது தனித்தனித் தட்டல்களாக இல்லாமல் தொடர் ஒலியாக ஒட்டத் தொடங்கிவிடும். லிடியனின் விரல்கள் ஓடியது அந்த எல்லையில்தான். அங்கே எந்த ஸ்வரம் முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று பிரித்துக் கேட்பது கேட்பவனுக்குக் கிட்டத்தட்ட முடியாத காரியம். உண்மையைச் சொன்னால், நாம் அதைக் கேட்கவில்லை. விரல்களைப் பார்த்தோம்.

இதை அவருடைய குறையாகச் சொல்லமாட்டேன். போட்டி மேடை இரண்டு மூன்று நிமிடத்தில் நிரூபணம் கேட்கிறது, அவர் கொடுத்தார். அந்த வயதில் அந்தக் கட்டுப்பாடு சாதாரண விஷயமே இல்லை. என் கேள்வியெல்லாம் நம்மைப் பற்றியது. அதற்குப் பிறகு அவர் மோகன்லால் இயக்கிய 'பரோஸ்' (2024) படத்துக்கு இசையமைத்தார். ஆனால் என் வாட்ஸாப் குழுக்களில் இன்னமும் சுற்றுவது அந்த 325தான். கீழ்வீட்டுப் பையனுக்கு வந்து சேர்ந்ததும் அதுவே.

வெளிநாட்டு மேடையில் வேறொன்றும் நடக்கலாம். 1957 மே மாதம் கனடாவின் கிளென் கூல்ட் மாஸ்கோ போனார். வயது 24. அங்கே அவரை அதிகம் பேருக்குத் தெரியாது. முதல் கச்சேரியின் முற்பாதியில் அரங்கின் பெரும்பகுதி காலி. இடைவேளையில் கேட்டவர்கள் நண்பர்களுக்குப் போன் போட, பிற்பாதியில் அரங்கம் நிறைந்துவிட்டது. எல்லோரும் சொல்லும் கதை இது. எனக்குப் பெரிதாகப் படுவது, சில நாள் கழித்து மாஸ்கோ கன்சர்வேட்டரி மாணவர்கள் முன்னால் அவர் செய்த காரியம். ஆல்பன் பெர்க், வெபர்ன், கிரெனெக் என்று சோவியத் அரசு ஒதுக்கி வைத்திருந்த நவீன இசையை எடுத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் உதவியோடு விளக்கி விளக்கி வாசித்தார். முணுமுணுப்பு கிளம்பியது. மூத்த பேராசிரியர்கள் சிலர் எழுந்து வெளியே போனார்கள். பாக் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவர் பாக்கும் வாசித்தார், ஆனால் சொல்ல வந்ததைச் சொன்ன பிறகுதான்.

பாக்கை மட்டும் வாசித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு அவர் ஊர் திரும்பியிருக்கலாம். முன்பு கேட்டிராத ஒன்றைக் கேட்க அந்தப் பிள்ளைகளைப் பழக்குவதற்காக, கையிலிருந்த வெற்றியைக் கொஞ்சம் பணயம் வைத்தார். பயணம் போகிற கலைஞனிடம் நான் எதிர்பார்ப்பது அதைத்தான். அதை எதிர்பார்க்கிற ரசிகனாகவும் நாம் இருக்க வேண்டும். நம் சங்கீதத்தில் இது புதிதும் இல்லை. சரளி வரிசையையே மூன்று காலத்தில் சொல்லித்தருகிறார்கள். மூன்றாம் காலத்துக்குக் கைதட்டல் கிடைக்கும், தாளம் நிற்கிறதா என்பது முதல் காலத்திலேயே தெரிந்துவிடும்.

பையனுக்கு வருஷக்கணக்கு எதுவும் சொல்லவில்லை. கதையைச் சொன்னேன். அந்த இசை 'ஜார் சல்த்தான்' என்ற ஓப்பராவில் வருவது. அப்பாவைப் பார்த்தே அறியாத ஓர் இளவரசன், வண்டாக மாறிக் கடல் தாண்டி அப்பாவிடம் பறந்து போகிறான். கடல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். மெட்ரோனோமை அறுபதில் வைத்து முதல் சில ஸ்வரங்களை மட்டும் காட்டினேன். பக்கத்துக் கட்டை, அதற்கும் பக்கத்துக் கட்டை என்று அரையரைப் படியாக நழுவி இறங்கும். தடவித் தடவி வாசித்தான். நாலாவது தடவை நிறுத்திவிட்டுக் கேட்டான்:

"அப்பாவைப் பாக்கத்தானே போறான்? அப்பறம் ஏண்ணா இவ்ளோ கோவமா போறான்?"

அந்த வண்டு அங்கே போய், தன் அம்மாவுக்குச் சதி செய்த பெரியம்மாக்களைக் கொட்டப்போகிறது. அதை நான் அவனிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.