பாடமும் திருத்தமும்: இயந்திரப் பதிப்பாசிரியர் பற்றிய ஒரு குறிப்பு

ஏட்டுச் சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞரும் கணினி நிரலைத் திருத்தும் செயற்கை நுண்ணறிவு முகவரும் எதிர்நோக்கும் பிரச்சினை அடிப்படையில் ஒன்றேயாம். உள்ள பாடம் யாதென நிறுவாது புதுப் பாடம் எழுதலாகாது. 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிந்தார். இன்றைய முகவர்களிடம் எழுதும் ஆற்றலுக்குக் குறைவில்லை. இவ்வொப்புநோக்கும் ஒழுக்கமே போதாது.

முகவர் கோப்பைத் திருத்தும் வழிகளுள் மூன்று முதன்மையானவை. முழுக் கோப்பையும் மீள எழுதுதல் ஒன்று. இதில் தொடக்கூடாத வரிகளும் ஓசையின்றி மறையக்கூடும். வரியெண்ணைச் சுட்டித் திருத்துதல் மற்றொன்று. இடையில் ஒரு வரி கூடினும் குறையினும் பின்வரும் எண்கள் யாவும் பெயர்ந்துவிடும். பழைய தொடரைச் சுட்டி, அதனிடத்தில் புதியதை வைத்தல் மூன்றாவது. சுட்டிய தொடர் கோப்பில் இல்லாதபோதும், பல இடங்களில் வரும்போதும் கருவி திருத்த மறுக்குமாயின், இதுவே ஒப்பீட்டளவிற் சிறந்தது.

ஆயின் தமிழுக்கு இங்கு தனி இடரொன்றுண்டு. கனகராயன்குளத்தினூடாகக் கண்டி வீதியிற் செல்லும் பேருந்துகளின் நேரங்காட்டும் நிரலொன்றைக் கற்பனை செய்வோம். 'கிளிநொச்சி' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் அரவுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, இயந்திரத்துக்கு வெவ்வேறு. ஆதலின் கருவி மறுக்கும். ஏறத்தாழப் பொருந்தினாற் போதுமென அவ்வேளை விதியைத் தளர்த்தின், வடக்கே செல்லும் வண்டியின் நேரத்துக்குப் பதிலாகத் தெற்கே செல்வதன் நேரம் மாறிவிடலாம். அப்பிழையின் சுமை விடியலில் வீதியோரம் காத்துநிற்கும் கூலித் தொழிலாளியின் தலையிலேயே விழும்.

எனவே தளர்த்துதல் தீர்வன்று. திருத்துமுன் கோப்பை மீள வாசித்தல், இரு குறியீட்டு வடிவங்களையும் ஒருமைப்படுத்தியபின் ஒப்பிடுதல், ஐயமுள்ளவிடத்து நிறுத்திக் கேட்டல், பழையதையும் புதியதையும் அருகருகே காட்டல், முந்தைய நிலையைப் பேணிவைத்தல் ஆகியனவே வேண்டுவன. திருத்தியபின் நடத்தும் சோதனையும் இன்றியமையாததே. ஆயினும் சோதிக்க எண்ணாத பிழையை அது காட்டாது.

இவை அரிய நுட்பங்களல்ல. வேகத்தையே மதிப்பின் அளவுகோலாகக் கொள்ளும் உற்பத்திமுறையில் சரிபார்க்கும் உழைப்பு வீண்செலவாகக் கணிக்கப்படுகின்றது. ஆங்கில எழுத்தை மட்டும் கொண்டு சோதிக்கப்பட்ட கருவியில் நமது எழுத்தின் இடர்கள் புலப்படா. பாடபேதங் காணும் பயிற்சியுடைய தமிழ் ஆய்வாளர் இத்துறையை அந்நியமெனக் கருதி ஒதுங்குவது பொருந்தாது. இவ்விடர்களை நிரலாளருக்கு எடுத்துரைப்பது அவர்தம் கடமையாகும்.