ஏழு பேர் போகிற வண்டி

தமிழில் வெளியாகும் சிறுகதைகளைப் பற்றி விமர்சனம் எழுதுகிறவர்கள் அநேகம் பேர் இருக்கிறார்கள். ஆனால் நாள்தோறும் வெளியாகி, மிகுந்த ஆவலோடு படிக்கப்பட்டு, லட்சக்கணக்கில் பணம் கைமாறுவதற்குக் காரணமாக இருக்கும் ஓர் இலக்கிய வகையை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பழைய கார் விற்பனை விளம்பரத்தைத்தான் சொல்கிறேன்.

'ஒரே ஓனர். டாக்டர் உபயோகித்தது. ஷெட் வண்டி. ஒரிஜினல் பெயிண்ட். அவசரத் தேவைக்காக விற்பனை.'

ஐந்து வாக்கியங்களில் ஒரு கதாநாயகன், அவனுடைய குணம், இறந்தகாலம், சோகம் எல்லாம் வந்துவிடுகின்றன. எந்தக் கதாசிரியனும் பொறாமைப்பட வேண்டிய சிக்கனம் இது. ஆனால் கொஞ்சம் நிதானித்துப் படித்துப் பாருங்கள். டாக்டர் எதற்காக இதில் வருகிறார்? மனித உடம்பைப் பத்திரமாகக் கையாளுகிறவர் வண்டியையும் அப்படியே கையாண்டிருப்பார் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். நடுராத்திரியில் அவசரமாகக் கூப்பிட்டால், மேடுபள்ளம் பாராமல் விரட்டிக்கொண்டு போகிறவரும் டாக்டர்தான் என்பது நமக்குத் தோன்றக்கூடாது. ஷெட்டில் நின்ற வண்டி என்பதும் அப்படியே. ஓடாமல் நின்ற வண்டியில் பாட்டரி செத்துப்போகும், டயர் இறுகிப்போகும், எலி ஒயரைக் கடிக்கும். அதைப் பெருமையாகச் சொல்லுகிற துணிச்சலைப் பாராட்ட வேண்டும். 'அவசரத் தேவை' என்ற முடிவு எல்லாவற்றையும்விட நயமானது. வண்டியில் குறை என்று எவரும் விற்பதில்லை. குறை எப்போதும் சொந்தக்காரரின் வாழ்க்கையில்தான் இருக்கிறது.

இந்த இலக்கியத்தின் உயிர், சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. மஞ்சள் பலகை மாட்டிக்கொண்டு டி போர்டு வண்டியாகப் பல வருஷங்கள் சவாரி ஓடி, பிறகு ஓன் போர்டாக மாறிய பெரிய வண்டிகள் எத்தனையோ உண்டு. அவற்றில் சில நல்ல வண்டிகளும்கூட. ஆனால் விளம்பரத்தில் அந்த அத்தியாயம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இந்த விஷயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. நாலாவது பத்திரிகை 1970ஆம் வருஷம் வெளியிட்டது. 2001ல் அவருக்கு வேறு இரண்டு பேரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது இதுதான். விற்கிறவனுக்கு வண்டியின் குணம் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. தெரியாதவன் நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவாக ஒரு விலைதான் சொல்லுவான். நல்ல வண்டி வைத்திருப்பவனுக்கு அந்த விலை கட்டாது. அவன் விற்காமல் விலகிக்கொள்ளுவான். சந்தையில் மட்டமான வண்டிகளின் விகிதம் கூடும். விலை இன்னும் இறங்கும். அடுத்த நல்ல வண்டியும் விலகும். கடைசியில் கெட்டதுதான் மிஞ்சும். அமெரிக்கர்கள் மோசமான பழைய வண்டியை எலுமிச்சம்பழம் என்று கேலியாகச் சொல்லுவார்கள். நாமோ வாங்கின வண்டியை முதன்முதலாக நகர்த்தும்போது நாலு சக்கரத்துக்கும் அடியில் அதே பழத்தை வைத்து நசுக்குகிறோம்.

அக்கர்லாஃப் சொன்னதன் பெரும் பகுதி நம் ஊருக்கும் பொருந்துகிறது. நல்ல வண்டிகள் விளம்பரத்துக்கு வருவதே அபூர்வம். அவை சித்தப்பா மகனுக்கும், ஆபீஸ் சிநேகிதருக்கும், மெக்கானிக் காதில் முன்னமே சொல்லி வைத்தவருக்கும் போய்விடுகின்றன. ஆனால் ஓரிடத்தில் நான் அவரோடு வேறுபடுகிறேன். விற்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவர் எடுத்துக்கொள்ளுகிறார். நாவல் எழுதுகிறவனால் இதை ஒப்புக்கொள்ள முடியாது. பத்து வருஷம் ஒரு வண்டியோடு பழகியவனுக்கு அதன் சப்தம் காதில் விழுவதில்லை. பிரேக் சற்றே இடது பக்கம் இழுப்பது அவனுடைய கைக்குப் பழகி, அவன் கணக்கில் அது நேராகவே போகிறது. தன் வீட்டைப் பற்றி ஒருவனுக்கு இருக்கும் அறிவுதான் தன் வண்டியைப் பற்றியும் இருக்கும். விளம்பரம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்லவில்லை. அவர்கள் மனதார நம்புவதை எழுதுகிறார்கள். ஆபத்து அதனால் அதிகமாகிறதே தவிரக் குறைவதில்லை.

ஆகையால் சொந்தக்காரர் சொல்லுவதை விட்டுவிட்டு, வண்டி சொல்லுவதைப் படிக்க வேண்டியிருக்கிறது. 2016ல் நாங்கள் ஒரு பெரிய வண்டி தேடினோம். வீட்டில் என் தாயார், மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரப் பிள்ளைகள், நான் என்று ஏழு பேர். முதலில் பார்த்த வண்டியின் மீட்டர் 58,000 கிலோமீட்டர் என்று காட்டியது. எங்கள் மெக்கானிக் எஞ்சினைப் பார்க்கவேயில்லை. கதவைத் திறந்து குனிந்து கிளச் பெடலைப் பார்த்தார். ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. டிரைவர் சீட்டின் ஓரம் கிழிந்து தைக்கப்பட்டிருந்தது.

"ரெண்டு லட்சத்துக்குக் குறையாது சார். மீட்டரைத் திருப்பலாம், பெடலைத் திருப்ப முடியாதுல்ல" என்றார்.

அவரிடம் நான் கற்றுக்கொண்ட பாடங்கள் சில உண்டு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3210 என்றால் 2010ஆம் வருஷம் 32ஆம் வாரத்தில் செய்தது. குறைவாக ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நாலு டயரும் அண்மையில் மாற்றியதாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். பட்டி பூசி டிங்கரிங் செய்த இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை பலமாக வெளியே தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கையெழுத்துப் பிரதியைப் படிப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. முன்னுரையை நம்பாமல் அடித்தல் திருத்தல்களைப் பார்க்க வேண்டும்.

கடைசியில் உறவினர் ஒருவர் மூலமாக 2010ஆம் வருஷத்து இன்னோவா ஒன்று கிடைத்தது. மீட்டரில் 1,18,000 கிலோமீட்டர். பெடலும் அதையே சொல்லியது. விலை 6,50,000 ரூபாய். அதே வருஷம்தான் கிறிஸ்டா என்ற புதிய இன்னோவா வந்திருந்தது. அதன் விலையைக் கேட்டபோது, பழையதில் உள்ள சௌந்தரியங்கள் எங்களுக்கு மேலும் தெளிவாகத் தெரிந்தன.

காகித விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 29ஆம் நம்பர் பாரத்திலும் 30ஆம் நம்பர் பாரத்திலும் கையெழுத்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, 'மெதுவாகப் பெயர் மாற்றிக்கொள்ளலாம்' என்று இருப்பவர்கள் நம்மில் உண்டு. சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவித்துவிட வேண்டும். வண்டியை விற்று, அது கைமாறி எங்கோ விபத்தில் சிக்கினாலும், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்ஸில் விபத்தில்லாமல் ஓட்டியதற்காகக் கிடைக்கும் தள்ளுபடியோ வண்டியோடு வராது. பழைய சொந்தக்காரரோடு போய்விடும். நல்ல பெயரை அவர் எடுத்துக்கொண்டு போகிறார்; பழிக்கு மட்டும் பெயர் மாற்றம் செய்ய வேண்டியிருக்கிறது.

இனி வண்டியைப் பற்றி. குடும்பத்துக்கான பெரிய வண்டி என்றால் என் தலைமுறைக்கு அம்பாஸிடர்தான். 2014ல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. பழைய அம்பாஸிடரில் கியர் கம்பி ஸ்டியரிங்குக்கு அருகே இருந்தது; முன் சீட்டு ஒரே பெஞ்சு. ஆகவே அதில் எத்தனை பேர் போகலாம் என்பதற்குக் கணக்குக் கிடையாது. ஒருவர் சற்று முன்னால் நகர்ந்தால் இன்னொருவர் சற்றுப் பின்னால் சாய்வார். குழந்தைகள் யார் மடியிலாவது இருக்கும். எங்கள் இன்னோவாவில் முன்னால் இரண்டு, நடுவில் தனித்தனியாக இரண்டு, பின்னால் மூன்று என்று ஆசனங்கள் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. நெரிசல் போய்விட்டது, அதன் இடத்தில் அந்தஸ்து வந்துவிட்டது. சேர்ந்து நசுங்கும்போது மாமியாரும் மருமகளும் சமம். மூன்று வரிசை வந்ததும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று ஆகிவிடுகிறது.

மகன் ஓட்டுவான், பக்கத்தில் நான். நடுவில் என் தாயாரும் மனைவியும். கடைசி வரிசையில் மருமகளும் இரண்டு குழந்தைகளும், தண்ணீர்க் குடமும், பலகாரத் தூக்கும். இந்த வரிசையை யாரும் உட்கார்ந்து யோசித்துத் தீர்மானிக்கவில்லை. நம் வீடுகளில் சாப்பாட்டுப் பந்தி எப்படி அமைகிறதோ அப்படி அமைந்தது. இத்தகைய வண்டிகளின் கடைசி வரிசை பின் அச்சின்மேலேயே இருக்கிறது. முன்னால் இருப்பவர்களுக்குத் தாலாட்டாக இருப்பது அங்கே தூக்கிப்போடும். முழங்கால் மார்பருகே வரும். வெளியே பாதையும் சரியாகத் தெரியாது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் மருமகள் முகம் வெளுத்துப்போகும். வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழத்தை முகரச் சொல்லி, மறுபடியும் அதே இடத்தில் உட்காரவைத்துக்கொண்டு மேலே போவோம். "பரவாயில்லை மாமா" என்பாள்.

பெரிய வண்டி விளம்பரங்கள் எல்லாம் சிரித்த முகங்களாகக் காட்டுகின்றன. அவற்றைப் பற்றி என் விமர்சனம் இதுதான். கடைசி வரிசையில் இருக்கும் முகத்தை அருகே காட்டுவதில்லை. வண்டியை வாங்கப் பார்க்கிறவர்களும் டிரைவர் சீட்டிலும் நடு சீட்டிலும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பின்னால் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, பத்து மைல் போய்ப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? குடும்ப வண்டி என்று ஒன்றைப் புகழ வேண்டுமானால் அந்த இடத்தில் இருந்து எழுந்து வந்து புகழ வேண்டும்.

எங்கள் வீட்டில் இதை மாற்றியவள் என் தாயார். அவளுக்கு அப்போது வயது 84. ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்ததும் என்னைக் கேட்டாள்:

"ஏண்டா, ஓட்டறவனுக்கு மட்டும் ஏன் வாந்தி வரதில்லே?"

"அவனுக்கு வளைவு வரப்போறது முன்னாடியே தெரியும்மா. உடம்பு தயாராயிடும்" என்றேன். உண்மையான காரணமும் ஏறக்குறைய அதுதான். கண் பார்ப்பதும் உடம்பு உணர்வதும் ஒத்துப்போகாதபோது தலை சுற்றுகிறது. ஓட்டுகிறவருக்கு அந்தச் சங்கடம் குறைவு.

"அப்போ அந்தப் பொண்ணை ஓட்டச் சொல்லேன்" என்றாள்.

அவ்வளவுதான். 2018ல் மருமகள் லைசென்ஸ் வாங்கினாள். அத்தனை பெரிய வண்டியை அவள் எப்படித் திருப்புவாள் என்று கவலைப்பட்டவர்கள் எங்கள் தெருவில் பலர். உயரமான ஆசனம், பாதை நன்றாகத் தெரிகிறது, கனமான வண்டியானதால் அவசரப்படவும் விடாது. மகனைவிட அவள் நிதானமாக ஓட்டினாள். மகன் கடைசி வரிசைக்குப் போனான். இரண்டே பிரயாணத்தில் பின் சீட்டின் குறைகளைப் பற்றி அவனுக்குத் தெளிவான அபிப்பிராயம் ஏற்பட்டுவிட்டது. அதன் பிறகு முறைவைத்து எல்லோரும் அங்கே உட்கார்ந்தோம், தாயாரைத் தவிர.

தாயார் 2021ல் காலமானாள். அடுத்த வருஷம் மகனுக்குப் புனாவுக்கு மாற்றலாகி, குடும்பத்தோடு போய்விட்டான். இப்போது ஏழு பேர் வண்டியில் நானும் மனைவியும் போகிறோம். லிட்டருக்கு 11 அல்லது 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, ஐந்து காலி ஆசனங்களைச் சுமந்துகொண்டு காய்கறி வாங்கப் போகிறது. 2025ல் அதற்கு 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது, விற்றுவிட்டுச் சிறிய வண்டி வாங்குங்கள் என்று மகன் டெலிபோனில் சொன்னான். மெக்கானிக்கும் அதையே சொன்னார். கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்லுவது நியாயம். சஸ்பென்ஷன் புஷ்களுக்கும் கிளச்சுக்கும் டயர்களுக்கும் நான் செலவழித்ததைக் கூட்டினால், பழையதை வைத்துக்கொண்டிருப்பது சிக்கனம் என்ற வாதம் நிற்காது.

இருந்தும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்திருக்கிறேன். பாசம் என்று சிலர் நினைக்கலாம். இரும்பிடம் எனக்குப் பாசம் கிடையாது. வருஷத்தில் இருபது நாள், மே மாதத்திலும் பொங்கலிலும், அந்த ஐந்து ஆசனங்களில் நாலு நிரம்புகின்றன. பேரன் இப்போது என் உயரம் வளர்ந்துவிட்டான். கடைசி வரிசையில் மடங்கி உட்காருகிறான். இருபது நாளுக்காக ஒரு பெரிய வண்டியை வைத்திருப்பது மதியீனமா என்று கேட்டால், வாடகைக்கு ஒரு வண்டி பேசிக்கொள்வது மலிவு என்று நானே சொல்லுவேன். ஆனால் வாடகை வண்டியில் ஓட்டுகிறவர் வேறு யாரோ. எங்கள் வீட்டில் மருமகள் சாவியைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய பெரிய வண்டி வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தைக் கதையாக ரசியுங்கள். பெடலைச் சாட்சியாகக் கேளுங்கள். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பேரம் பேசுவதற்கு முன்னால், உங்கள் வீட்டில் யார் வாயைத் திறந்து குறை சொல்லமாட்டார்களோ அவரை முன்னால் உட்காரவைத்து, நீங்கள் கடைசி வரிசையில் ஏறிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வாருங்கள். இறங்கும்போது முதுகைப் பிடித்துக்கொள்ளாமல் இறங்க முடிந்தால், சொன்ன விலையைக் கொடுக்கலாம்.