வாசலில் தொடங்கும் கடிகாரம்

கீமோதெரபி ஏற்றிக்கொண்டவருக்குப் பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்களின் கவுன்ட் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டு இறங்காமல் நின்றால் காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். இது பல நாடுகளின் புற்றுநோய் மையங்கள் ஏற்றுக்கொண்ட விதி. விதியில் பிழையில்லை. அதன் கடிகாரம் மருத்துவமனை வாசலில்தான் ஓடத் தொடங்குகிறது என்பதே சிக்கல். அதற்கு முன் வீட்டிலும் வழியிலும் கரைந்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விதியின் பலம் புரியும். கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோஃபில் அணுக்கள் குறையக் குறைய நோய்த்தொற்று பெருகுவதை, ரத்தப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்றில் ஜெரால்டு போடி 1966இல் காட்டினார். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அவை 500க்குக் கீழே போனவருக்குப் புண்ணில் சீழ் கட்டாது. நிமோனியா வந்தாலும் எக்ஸ்ரேயில் நிழல் விழாமல் போகலாம். சீழையும் வீக்கத்தையும் உண்டாக்குவதே அந்த அணுக்கள்தாம். எஞ்சும் ஒரே தடயம் காய்ச்சல். எந்தக் கிருமி என்று காட்டும் ரத்தக் கல்ச்சரின் முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில், முடிவு வருமுன்னே நோயாளிகள் இறந்தார்கள். காத்திருக்காமல் இரண்டு ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்துக் கொடுத்த ஸ்டீபன் ஷிம்ஃப் குழுவின் 1971ஆம் ஆண்டு ஆய்வு அந்த வழக்கத்தை மாற்றியது. ஒரு மணி நேர வரம்பு அதன் மேல் பின்னாளில் ஏறியது. இரவுப் பணியில் தனியாக நிற்கும் இளம் மருத்துவருக்கு அது தயக்கத்தை நீக்குகிறது. முடிவெடுக்கும் சுமையையும் குறைக்கிறது.

வரம்பின் அறிவியல் அடித்தளம் அவ்வளவு உறுதியானதல்ல என்று மறுப்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் மரணம் கூடுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சிலவற்றில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. இவையெல்லாம் நடந்ததைக் கவனித்து எழுதியவை. மிக மோசமான நிலையில் வருபவருக்கே மருந்து மிக விரைவாகக் கிடைப்பதால் கணக்கு குழம்புகிறது. வேண்டுமென்றே ஒரு சாராருக்குத் தாமதித்துச் சோதிக்க எந்த அறமும் இடம் தராது. ஆகவே வரம்பு இருக்கட்டும் என்பதே என் கட்சி. ஆன்டிபயாடிக்கை அள்ளி இறைப்பதால் வரும் எதிர்ப்பாற்றல் பற்றிய கவலை இதைவிடக் கனமானது. என்டிஎம்-1 என்னும் மரபணுவைச் சுமந்த, பல மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பற்றி 2010இல் வெளியான ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன. அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போட முடியாது. ஊசிக்கு முன்பே கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து, முடிவு வந்ததும் மருந்தைக் குறுக்கவோ நிறுத்தவோ வேண்டும். விதியின் இந்தப் பிற்பாதி முற்பாதி அளவுக்குப் பேசப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் இழக்கப்படும் நேரம் வேறிடத்தில் இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ காஞ்சிபுரம் காரப்பேட்டையிலோ கீமோ ஏற்றிக்கொண்டவர் ராமநாதபுரத்துக்கோ தருமபுரிக்கோ திரும்பியபின்தான் கவுன்ட் இறங்குகிறது. இரவில் உடம்பு சுட்டால் கைக்கு எட்டுவது மெடிக்கல் ஷாப்பும் பாராசிட்டமாலும். மாத்திரை சூட்டைத் தணிக்கிறது, கிருமியைத் தொடுவதில்லை. இருந்த ஒரே தடயத்தையும் மறைத்துவிடுகிறது. வாந்திக்கென்று கீமோவோடு கொடுக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் காய்ச்சலை அமுக்கும். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் ரத்தத்தில் கிருமி பரவுவதுண்டு. எனவே காய்ச்சல் வந்தால் வாருங்கள் என்று மட்டும் சொல்லி நோயாளியிடம் கொடுக்கும் அட்டை பாதி எச்சரிக்கைதான். குளிர் நடுக்கம், தலைச்சுற்றல், மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவது, பேச்சு குழறுவது ஆகியவையும் அதில் இடம்பெற வேண்டும். மாத்திரை போடுமுன் தெர்மாமீட்டரைப் பார் என்ற வரி எல்லாவற்றுக்கும் மேலே.

முதல் டோஸை அருகிலுள்ள தாலுகா மருத்துவமனையிலேயே போடலாமே என்றால், புற்றுநோய் தெரியாதவர்களிடம் பொறுப்பை விடுவதா என்று கேட்கிறார்கள். அங்கே எதிர்பார்ப்பது புற்றுநோய் அறிவல்ல. ரத்த அழுத்தம் பார்த்து, ரத்தம் எடுத்து, சலைன் தொடங்கி, அட்டையில் எழுதியுள்ள ஊசியைப் போட்டு, 108இல் ஏற்றி அனுப்பும் வேலை எந்த அவசரப் பிரிவுக்கும் பழக்கமானதுதான். வீட்டிலேயே மாத்திரை வைத்துக்கொள்வது வேறு யோசனை. ஆபத்து குறைந்தவர்களுக்கு வாய்வழி ஆன்டிபயாடிக் போதும் என்று 1999இல் இரண்டு ஆய்வுகள் காட்டின. ஆனால் அவற்றில் நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தார்கள். அவற்றில் பயன்பட்ட சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நம் ஊர்க் கிருமிகள் பரவலாகப் பழகிவிட்டன. இந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

காய்ச்சலை மட்டும் மையமாக்கிய எச்சரிக்கைக்கு இன்னொரு விலையும் உண்டு. இம்யூனோதெரபி எடுத்தவரின் வயிற்றுப்போக்கு, மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் வரலாம். அது கிருமியால் அல்ல, சொந்த எதிர்ப்புச் சக்தி குடலைத் தாக்குவதால் வருவதாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டுதான் சிகிச்சை. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவரின் புது முதுகுவலியும் கால் தளர்ச்சியும் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாகலாம். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கினால்தான் நடை மிஞ்சும். இந்த இரண்டுக்கும் தெர்மாமீட்டர் உதவாது. கேட்டறிய ஓர் ஆள் வேண்டும்.

நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 766 பேரிடம் நடந்த ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரு பிரிவு நோயாளிகள் தங்கள் தொந்தரவுகளைத் தாங்களே கணினியில் பதிந்தார்கள். கடுமையானால் செவிலியருக்குத் தகவல் போனது. அவர்களில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தோருக்கு 26 மாதம் என்று 2017இல் முடிவு வெளியானது. நம் நோயாளிகளுக்குக் கணினி ஏது என்ற ஆட்சேபம் எழும். அதே ஆய்வில் கணினிப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. பலன் தந்தது கருவி மட்டுமல்ல, மறுமுனையில் பதில் சொல்ல ஒருவர் இருந்ததும்தான். அதற்குச் சாதாரண போன் போதும். அட்டையில் அச்சிட்டிருப்பது புறநோயாளிப் பிரிவின் எண்ணாக இருந்தால், இரவு பதினொரு மணிக்கு அந்த மணி யாருக்கும் கேட்காது. அந்த வீட்டார் மறுபடி மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போவார்கள்.