இரண்டு வருடம் ஓடிய கிறிஸ்துமஸ்

ஹைன்ரிஷ் பியோல் 1952இல் எழுதிய ஒரு சிறுகதை இருக்கிறது. 'கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டுமல்ல' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கதை இதுதான். மில்லா அத்தைக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்றால் உயிர். போர் முடிந்த பிறகு பழையபடி மரம் வைக்கிறார்கள். சீசன் முடிந்து, பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் மரத்தைக் கலைக்க ஆரம்பிக்கும்போது அத்தை அலறத் தொடங்குகிறார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கிட்டத்தட்ட ஒரு வாரம். டாக்டர்கள் வந்து பார்த்து கையை விரித்துவிடுகிறார்கள். கடைசியில் ஃபிரான்ஸ் மாமாதான் வழி கண்டுபிடிக்கிறார்: இன்னொரு மரத்தை வாங்கி வை. மரம் வருகிறது, அத்தை அடங்குகிறார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அந்த வீட்டில் கிறிஸ்துமஸ். கோடைக்காலத்திலும் கிறிஸ்துமஸ். தினமும் குடும்பமே கூடிப் பாட வேண்டும், மார்சிபானும் மசாலா பிஸ்கட்டும் சாப்பிட வேண்டும், வயதான பாதிரியார் ஒருவர் வந்து உட்கார வேண்டும். ஏறக்குறைய இரண்டு வருடம்.

குடும்பம் என்ன ஆகும்? மாமா காதலி ஒருத்தியைத் தேடிக்கொள்கிறார். தனக்குப் பதிலாக வீட்டில் உட்கார நடிகர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கிறார். பிறகு மற்றவர்களும் அப்படியே. பிள்ளைகளுக்குப் பதில் மெழுகுப் பொம்மைகள். ஒரு மகன் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்கிறான், குத்துச்சண்டைக்காரனான இன்னொருவன் மடத்துக்குப் போகிறான். மகள் லூசியின் நரம்பு தளர்ந்துபோகிறது. அத்தை மட்டும் சந்தோஷமாக இருக்கிறார்.

ஆங்கிலத்தில் இந்தக் கதையை முதல்முறை படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது படித்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. காரணம் அந்தப் பிப்ரவரி. கதையில் அது 1947. கொலோனில் அந்தக் குளிர்காலத்தின் பெயரே 'பட்டினிக் குளிர்காலம்'. 1946 டிசம்பர் 31 அன்று கொலோன் கார்டினல் ஃபிரிங்ஸ் பிரசங்க மேடையில் ஏறி, உயிர்வாழத் தேவையானதை வேறு எந்த வழியிலும் பெற முடியாத நிலையில் ஒருவர் அதை எடுத்துக்கொள்ளலாம் என்கிற பொருளில் பேசினார். ஜனங்கள் ரயில் வண்டியிலிருந்து நிலக்கரி திருடுவதற்கு 'ஃபிரிங்ஸன்' என்று ஒரு வினைச்சொல்லே பிறந்துவிட்டது. பியோல் அந்த ஊர்க்காரர், 1917இல் அங்கேதான் பிறந்தவர், போரில் சிப்பாயாக இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊரே கரி திருடும் மாதத்தில் ஒரு வீடு ஃபிர் மரத்துக்கும் மார்சிபானுக்கும் அலைகிறது என்று அவர் எழுதும்போது, 1952இல் படித்த வாசகனுக்கு அது வெறும் நகைச்சுவையாகப் பட்டிருக்காது. மில்லா அத்தையைப் பொறுத்தவரை போர் என்பது தன்னுடைய மரத்துக்கு வந்த இடைஞ்சல், அவ்வளவுதான். குண்டு விழுந்தால் கண்ணாடிப் பொம்மை உடையுமே என்ற கவலை. யார் செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்ற கேள்வி அந்த வீட்டுக்குள் நுழைவதே இல்லை.

அந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மெக்கானிக்கல் படித்தவன், விட மனம் வரவில்லை. கிளைகளில் கண்ணாடிக் குள்ளர்கள். கையில் குட்டிச் சுத்தியல், காலடியில் மணி வடிவப் பட்டறைக்கல். கீழே மெழுகுவத்தி. சூடு ஒரு அளவைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பொறி இயங்கி, குள்ளர்கள் வெறி பிடித்தமாதிரி தட்டத் தொடங்குவார்கள். உச்சியில் வெள்ளி உடுத்திய தேவதை ஒன்று, இடைவெளி விட்டு 'சமாதானம்' என்று முணுமுணுக்கும். பியோல் இந்தப் பொறியை ரொம்ப நிதானமாக வர்ணிக்கிறார். கதை முழுவதும் அந்தப் பொறி மாதிரிதான் ஓடுகிறது: சூடு ஏறினால் தட்டும், மனிதர் தேவையில்லை. கடைசியில் மனிதர்களை எடுத்துவிட்டு நடிகரையும் மெழுகையும் வைத்தபோதும் கொண்டாட்டம் நிற்கவில்லையே.

நான் வேலை செய்யும் கம்பெனி பினாங்கிலிருந்து ஆறு வாரப் பயிற்சிக்காக என்னை நூரெம்பெர்க் பக்கம் அனுப்பியது. நவம்பர் கடைசி. அந்த ஊரின் கிறிஸ்துமஸ் சந்தை உலகப் பிரசித்தம். பார்ப்பதற்கு நம்ம பசார் மாலாமுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும்: மரக் கடைகள், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக் கூரை, புகை, கூட்டம். வியர்வைக்குப் பதில் வாயில் ஆவி. குளூவைன் என்னும் சூடான ஒயினைக் கொதிக்க விடாமல், பட்டை கிராம்பு ஆரஞ்சு போட்டுக் காய்ச்சி, பீங்கான் குவளையில் தருவார்கள். குவளைக்கு முன்பணம், திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பி வரும். விரல் நீளத்துக்கும் கொஞ்சம் குறைவான பன்றி இறைச்சி சோசேஜ், அதில் மார்ஜொரம் வாசனை. மூன்றை ஒரு பன்னுக்குள் திணித்துத் தருவதுதான் அந்த ஊர் முறை.

எனக்கு லெப்கூகன்தான் பிடித்தது. தேனும் மசாலாவும் சேர்ந்த மெத்தென்ற பிஸ்கட், அடியில் காகிதம் மாதிரி மெல்லிய அப்பம் ஒட்டியிருக்கும். அதில் 'எலிசன்' என்ற உயர்ந்த வகைக்குச் சட்டமே உண்டு: பருப்பு வகைகள் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நூரெம்பெர்க் லெப்கூகன் என்ற பெயர் 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. வேறு ஊரில் செய்து அந்தப் பெயரைப் போட முடியாது. தேன் பக்கத்துக் காட்டிலிருந்து வந்தது. பட்டை இலங்கையிலிருந்தும், கிராம்பும் ஜாதிக்காயும் நம் பக்கத்துத் தீவுகளான மலுக்குவிலிருந்தும் போனவை. பாலிக் பூலாவில் ஜாதிக்காய் மரத்தடியில் விளையாடி வளர்ந்தவனுக்கு, பனி கொட்டும் ஊரில் அந்த வாசனை மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும்? 'ஜெர்மன் கிறிஸ்துமஸ் வாசனை' என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு இங்கேயே நிறுத்திக்கொண்டால் அது நம்மூர்ப் பயணக் கட்டுரை. நம்மிடம் அந்த வகை நிறைய இருக்கிறது. கோட்டை பார்த்தோம், பனி பார்த்தோம், சோசேஜ் சாப்பிட்டோம், ஜெர்மன்காரர்கள் நேரம் தவறாதவர்கள், நம்மவர்கள் ஏன் இப்படி இல்லை. முடிவில் ஒரு செல்ஃபி. இந்தக் கட்டுரைகளில் எனக்கு உள்ள பிரச்சினை, சாப்பாட்டைப் பற்றி எழுதுவது இல்லை. இன்னும் கூடச் சாப்பாட்டைப் பற்றி எழுதலாம். பிரச்சினை என்னவென்றால், விருந்தாளிக்கு வீட்டுக்காரர் எதைக் காட்டுகிறாரோ அதை மட்டும் பார்த்துவிட்டு வருவது. மில்லா அத்தை வீட்டுக்கு ஒருநாள் மட்டும் போனவர் என்ன எழுதுவார்? 'அருமையான குடும்பம், எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள், பிஸ்கட் பிரமாதம்.' நடிகர் என்று அவருக்குத் தெரியாது. மெழுகு என்றும் தெரியாது.

சந்தை கூடும் அந்தச் சதுக்கத்தின் கிழக்குப் பக்கம் மாதா கோயில் ஒன்று இருக்கிறது. அதன் முகப்பில் 1509 முதல் ஒரு கடிகாரம். பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்து ஏழு பொம்மைகள் வெளியே வந்து, நடுவில் உட்கார்ந்திருக்கும் பேரரசர் நான்காம் கார்லைச் சுற்றிவரும். ஏழு பேரும் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் பிரபுக்கள். 1356இல் கார்ல் பிறப்பித்த சாசனத்தின் நினைவு. கீழே நூற்றுக்கணக்கில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். நானும் பிடித்தேன், பல்சக்கரம் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துக்கொண்டே.

அந்த இடத்தில் முன்பு யூதர்களின் குடியிருப்பு இருந்தது. கோயில் நிற்கும் இடத்தில் அவர்களுடைய தொழுகைக்கூடம். 1349 நவம்பரில் அதே நான்காம் கார்ல், யூதர் வீடுகளை இடித்துச் சந்தைத் திடல் அமைக்கவும், தொழுகைக்கூடத்தின் இடத்தில் மாதா கோயில் கட்டவும் எழுத்தில் அனுமதி கொடுத்தார். டிசம்பர் 5ஆம் தேதி நடந்த கொலையில் குறைந்தது 562 பேர் இறந்தார்கள். டிசம்பர் 5. இப்போது சந்தை களைகட்டியிருக்கும் நாள். என்னோடு வந்த ஜெர்மன் சகா நல்ல மனிதர், என்னைவிட இருபது வயது மூத்தவர். இதைப் பற்றிக் கேட்டேன். "ஆமா, ஸ்கூல்ல படிச்சிருக்கோம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒயின் ஆறிடும், குடிங்க." அவர் மறைக்கவில்லை. கேட்டால் சொல்கிறார்கள். பியோல் கதையிலும் யாரும் எதையும் மறைப்பதில்லை, பாட்டு நிற்கக் கூடாது, அதுதான் ஒரே நிபந்தனை.

பழமையான சந்தை என்று சொல்கிறார்களே, அதன் இப்போதைய வடிவத்துக்கும் ஒரு தேதி உண்டு. வேறு இடங்களில் சிதறிக்கிடந்த சந்தையை நாஜி நகராட்சி 1933இல் இந்தச் சதுக்கத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து, கிறிஸ்டுகிண்ட் என்னும் தேவதை வேடமிட்ட பெண்ணை வைத்துத் திறப்புவிழாவும் நடத்தியது. அப்போது சதுக்கத்தின் பெயர் அடால்ஃப் ஹிட்லர் சதுக்கம். போரில் நின்றுபோன சந்தை 1948இல், இடிபாடுகளுக்கு நடுவே மறுபடி தொடங்கியது. மில்லா அத்தை வீட்டில் தினமும் பாட்டு ஓடிக்கொண்டிருந்த அதே காலம். பியோல் நூரெம்பெர்க்கை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு நூரெம்பெர்க் தேவைப்படவே இல்லை, அதுதான் விஷயம்.

1969 முதல் அந்தக் கிறிஸ்டுகிண்ட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர்ப் பெண்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறார். பொன்னிறச் சுருள்முடி, கிரீடம், மாதா கோயில் மாடத்தில் நின்று சந்தையைத் திறந்துவைப்பார். 2019இல் தேர்வான பெண்ணின் அப்பா இந்தியர். உடனே ஏ.எஃப்.டி கட்சியின் மியூனிக் வட்டாரக் கிளையொன்று அவர் படத்தைப் போட்டு இழிவாக எழுதியது. பெரிய எதிர்ப்பு கிளம்ப, பதிவை நீக்கினார்கள். ஊர் அந்தப் பெண்ணின் பக்கம்தான் நின்றது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தப் பதிவை எழுதியவனுக்கு மில்லா அத்தையின் நோய்தான். மரம் போன வருஷம் இருந்தமாதிரியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அலறல்.

கதையில் எனக்குக் குறைகளும் உண்டு. ஒரு நாட்டின் மறதியை முழுக்க ஒரு பெண்ணின் நரம்பில் ஏற்றியிருப்பது இடறுகிறது. பணம் கொடுத்து நாடகத்தை நடத்துகிறவர் ஃபிரான்ஸ் மாமா. காதலி வைத்திருப்பதும் அவர்தான். ஆனால் பைத்தியம் என்ற பெயர் அத்தைக்கு. மாமாவை நல்லவர் என்றே கதைசொல்லி சொல்லிக்கொண்டு போகிறான், அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ள இடமிருந்தாலும் கிண்டலின் முனை போதவில்லை. இன்னொன்று, எதை மறக்கிறார்கள் என்பது கதையில் ஒரு வரியில்கூட வரவில்லை. கொல்லப்பட்டவர்கள் இல்லை. மறதியைப் பற்றிய கதை என்பதால் அது இல்லாமல்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நண்பர் வாதிட்டார். பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி, 1952இல் ஜெர்மன் எழுத்தாளர்களுக்கே அந்த இடத்தில் வாய் முழுசாகத் திறக்கவில்லை என்பது. பியோல் பிற்பாடு எழுதிய நாவல்களில் அந்த வாய் இன்னும் திறந்தது.

லூசியின் கணவன் கார்ல் எனக்கு ரொம்ப வேண்டியவன். தாங்க முடியாமல் நாட்டை விட்டே போகத் திட்டமிடுகிறான். அவன் தேடுவது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஒரு நாடு: ஃபிர் மரம் வளரக் கூடாது, கிறிஸ்துமஸ் பாட்டை யாரும் கேட்டிருக்கக் கூடாது. பாவம் கார்ல். நவம்பர் பாதியிலேயே கெர்னி பக்கம் வந்திருந்தால் தெரிந்திருக்கும், தீபாவளி முறுக்கு டப்பா காலியாவதற்குள் பிளாஸ்டிக் ஃபிர் மரம் மூன்று மாடி உயரத்துக்கு நிற்பது. பஞ்சுப் பனியும் உண்டு.

யாராவது இந்தக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும். உறவுப்பெயரிலேயே சிக்கல் வரும். ஜெர்மனில் 'டான்டெ' என்றால் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லாமே. நான் அத்தை என்று போட்டது ஓசைக்காகத்தான். சித்தி என்று போட்டால் கதையே வேறு மாதிரி ஆகிவிடும் என்று அம்மா சொல்கிறார். அப்புறம் அந்த மசாலா பிஸ்கட். அதன் பெயர் ஸ்பெக்குலாட்டியஸ், செதுக்கிய மர அச்சில் அழுத்திச் சுடுவது, மெல்லிசாக, மொறுமொறுவென்று, பட்டையும் ஏலக்காயும் கிராம்பும் போட்டது. வெறும் 'பிஸ்கட்' என்று எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். இரண்டு வருடம் தினமும் தின்றிருக்கிறார்கள், பெயரையாவது முழுசாகச் சொல்லலாம்.