வார்ப்பிரும்பின் வாரிசுகள்

ஈவோ என்று சுருக்கி அழைக்கப்படும் மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பலரும் குதிரைத்திறனில் தொடங்குவார்கள். நான் 2,500 என்ற எண்ணில் தொடங்குகிறேன்.

1986-ஓடு உலக ராலியில் குரூப் பி என்ற அசுரக் கார்களுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, கடையில் விற்கிற காரைத்தான் பந்தயத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று குரூப் ஏ விதியை முன்னே நிறுத்தினார்கள். ஓராண்டுக்குள் 5,000 கார் கட்டிக் காட்டினால்தான் அந்த மாடலுக்கு அனுமதி. பின்னால் அதை 2,500 ஆகக் குறைத்தார்கள். 1992-இல் முதல் ஈவோ வந்தபோது மிட்சுபிஷி திட்டமிட்டதும் 2,500-தான். கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துபோகவே, இன்னொரு 2,500 கட்ட வேண்டிவந்தது. ஆக, பந்தயத்துக்காகக் குடும்பக் கார் வேடம் கட்டி வந்த வண்டி இது.

அதன் தாய்வீடு கேலன்ட் வி.ஆர்.4. நாலு சக்கரத்துக்கும் விசை, 4ஜி63 என்ற 2 லிட்டர் டர்போ இன்ஜின் எல்லாம் அதில் ஏற்கெனவே இருந்தன. ஆனால் குறுகிய மலைப்பாதையில் அந்த உடம்பு பெரிது. அதே குடலை எடுத்துச் சின்ன லேன்சருக்குள் வைத்ததுதான் ஈவோ.

4ஜி63-ஐக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பிளாக் வார்ப்பிரும்பு. சிலிண்டர் விட்டம் 85 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 88 மி.மீ., மொத்தம் 1,997 சி.சி. அலுமினியத்தைவிடக் கனம்தான். ஆனால் பூஸ்டை ஏற்ற ஏற்ற, சிலிண்டருக்குள் அழுத்தம் முட்டும்போது பிதுங்காமல் நிற்பது அந்தக் கனம். ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட 280 குதிரைத்திறன் வரம்பு அந்த நாளில் இருந்ததால், ஈவோ 4 முதல் விளம்பரத் தாள்களில் அதே எண்தான் திரும்பத் திரும்ப வந்தது. இரும்புக்கு அந்த வரம்பு தெரியாது. பட்டறைக்காரர்களுக்கும் தெரியாது.

எண் ஏற ஏற ஒவ்வொரு ஈவோவும் ஒரு குறையைத் தீர்க்க வந்தது. ராலிக் காரில் இஷ்டத்துக்கு மாற்ற விதி இடம் கொடுக்காது. கடைக் காரில் முதலில் மாற்றினால்தான் உண்டு. மூன்றில் மூக்கைப் பெரிதாகத் திறந்தார்கள், காற்று உள்ளே போகட்டும் என்று. நான்கில் இன்ஜினையே 180 டிகிரி திருப்பி வைத்தார்கள். வளைவில் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் ஏ.ஒய்.சி. என்ற கருவியும் அதில்தான் வந்தது. ஐந்தில் உடலை 1,770 மி.மீ. வரை அகலப்படுத்தி, பிரெம்போ பிரேக் போட்டார்கள். ஜப்பானில் 1,700 மி.மீ.க்கு மேல் போனால் கார் வேறு வகை எண் பலகைக்குப் போய்விடும். அதைத் தெரிந்தே தாண்டினார்கள். இந்தத் தொடரிலேயே துணிச்சலான முடிவு என்று நான் கருதுவது இதைத்தான்.

1997-இல் விதி தளர்ந்து, போட்டியாளரான சுபாரு புதிய 'வேர்ல்டு ராலி கார்' வகைக்குப் போய்விட்டது. மிட்சுபிஷி 2001 வரை குரூப் ஏ-யிலேயே பிடிவாதமாக நின்றது. பின்லாந்தின் டொம்மி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலகச் சாம்பியன் ஆனது அந்த வகைக் கார்களில்தான். அவர் பெயரிலேயே ஈவோ 6-இல் ஒரு பதிப்பு வந்தது.

இனி பட்டறைகளின் பாணிகள். எல்லாப் பாணிக்கும் பிடித்த வெற்றுப் பலகை ஆர்.எஸ். ரகம். சொகுசெல்லாம் உருவி, எடை குறைத்து, பந்தயக்காரருக்கென்றே விற்றது. எப்படியும் கழற்றி எறியப் போகிறவனுக்கு மேலே எதற்கு அலங்காரம்?

ஜப்பானியப் பாணியின் உரைகல் இபராகி மாவட்டத்தின் சுகுபா ஓடுதளம். இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் வளைவு மேல் வளைவு. ஒரே சுற்று, கடிகாரத்தோடு சண்டை. எச்.கே.எஸ். என்ற பட்டறை கட்டிய சி.டி.230ஆர் என்ற ஈவோ 2007-இல் 54 வினாடிக்குள் அதைச் சுற்றி வந்தது. கார்பன் உடல், நிலத்தோடு அழுத்தும் இறக்கைகள், எடைக் குறைப்பு என்று எல்லாம் ஒன்றுக்கொன்று கணக்காக இருக்கும். இந்தப் பாணியில் இன்ஜின் ஒரு வாத்தியம் மட்டுமே, கச்சேரி முழுவதும் அதுவல்ல.

பிரிட்டிஷ் பாணி வேறு. அங்கே இறக்குமதியாளரே வாரண்டியோடு எஃப்.க்யூ. வரிசையை விற்றார். எஃப்.க்யூ.400 இரண்டே லிட்டரிலிருந்து 405 குதிரைத்திறன் எடுத்தது. மழையிலும் குண்டுகுழியிலும் தினமும் ஓட்டிப் போகலாம் என்பது அந்தப் பாணியின் பெருமை. அடிக்கடி சர்வீஸுக்கு விட வேண்டும் என்பது அதன் விலை.

அமெரிக்காவுக்கு ஈவோ தாமதமாகத்தான், 2003-இல் போனது. அங்கே நேர்கோட்டு ஓட்டத்தில் மோகம், ஆகவே பெரிய டர்போவில் மோகம். பெரிய டர்போ சுழன்று எழுவதற்கு நேரமாகும். அதுவரை கார் தூங்கும், பிறகு திடீரென்று உதைக்கும். அதற்கு மருந்தாகத்தான் 88 மி.மீ. கிராங்கை எடுத்துவிட்டு 100 மி.மீ. கிராங்க் போட்டு 2.3 லிட்டர் ஆக்குவார்கள். டர்போ சீக்கிரம் விழிக்கும். ஆனால் பிஸ்டன் அதே நேரத்தில் கூடுதல் தூரம் ஓட வேண்டும். ஆகவே உச்ச சுற்று வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும்.

தரம் பார்க்கத் தெரிந்தவர் பானட்டைத் திறக்கச் சொல்லி அவசரப்பட மாட்டார். முதலில் குனிந்து டயரின் உள்விளிம்பைத் தடவுவார். அங்கே மட்டும் வழுக்கை என்றால் அலைன்மென்ட் அழகுக்கு வைத்தது, ஓட்டத்துக்கு அல்ல. அடுத்து, இன்ஜின் சூடேறி மூன்றாவது சுற்று முடிந்தபின் எண்ணெய் வெப்பம் எங்கே நிற்கிறது என்று கேட்பார். முதல் சுற்றில் எல்லாக் காரும் கெட்டிதான். குதிரைத்திறன் கேள்வி கடைசியில் வரும். பல நேரம் வராமலே போகும்.

நம் ஊருக்கும் இதில் ஒரு நூலிழை உண்டு. 1998-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் ஆலையில் லேன்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. ஈவோ 4, 5, 6 மூன்றும் அந்தத் தலைமுறை லேன்சரின் உடலில் எழுந்தவை. மாக்கினென் ஓட்டிய காரின் படத்தை எடுத்து, அகலமான சக்கர வளைவுகளையும் இறக்கையையும் கையால் மறைத்துவிட்டுக் கூரையையும் முன்கதவையும் மட்டும் பாருங்கள். பூந்தமல்லி சாலையில் அந்நாளில் டீசல் புகையோடு உங்களைத் தாண்டிப் போன அதே கார்.